மனம் கூடும் மேசை

பொழுதுபோக்காகப் படம் வரைகிறவர், புகைப்படங்களை மெருகேற்றுகிறவர், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர், கதை எழுதுகிறவர் என யார் கணினி வாங்கப் போனாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? பதில்களும் பழகியவை. கையோடு கொண்டுபோக வேண்டுமென்றால் லேப்டாப், அதே விலைக்குக் கூடுதல் வேகம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: தொழிலுக்கென்றால் டெஸ்க்டாப் பாருங்கள், ஆசைக்குத்தானே, லேப்டாப் போதும். இந்தக் கடைசித் தீர்ப்பு தலைகீழானது என்பதே என் வாதம். நிலையான ஓர் இடமும் அந்த இடத்துக்கென்றே இருக்கும் ஒரு கருவியும் தொழில் செய்கிறவரைவிட, ஆசைக்காகப் படைக்கிறவருக்கே அதிகம் தேவை. இதை வேகத்தையும் விலையையும் வைத்து நிறுவ முடியாது. மனம் எதனால் குவிகிறது, எதனால் சிதறுகிறது என்ற பழைய கேள்விக்குள் போனால்தான் முடியும். அந்தக் கேள்வியை நம் தத்துவ மரபு மிக நுட்பமாக விசாரித்திருக்கிறது.

பிரம்ம சூத்திரத்தின் 4ஆம் அத்தியாயம், 1ஆம் பாதத்தில் 7 முதல் 11 வரையிலான சூத்திரங்கள் பார்வைக்கு மிகச் சிறிய ஐயம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. உபாசனை மனத்தின் செயல். அப்படியானால் உடல் எந்த நிலையில் இருந்தால் என்ன? நடந்துகொண்டோ நின்றுகொண்டோ படுத்துக்கொண்டோ செய்யலாம்தானே? சங்கரர் தம் உரையில் விடைக்குப் போகுமுன், இந்த ஐயம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரித்துக்காட்டுகிறார். வேள்வியின் அங்கமாக வரும் உபாசனைகளுக்கு இந்தக் கேள்வியே இல்லை. வேள்வி நடக்கும் முறை உடலின் நிலையையும் தீர்மானித்துவிடுகிறது. மெய்யறிவுக்கும் இல்லை; அறிவு அறியப்படும் பொருளைச் சார்ந்தது, உட்கார்ந்தால் ஒன்றாகவும் நின்றால் வேறாகவும் அது ஆவதில்லை. இவ்விரண்டிலும் சேராமல் தனித்து நிற்கும் உபாசனைகளுக்கு மட்டுமே உட்காருவதா வேண்டாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில்தான் இருக்கை ஒரு கேள்வியாகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

தொழிலையும் பொழுதுபோக்கையும் இந்தப் பிரிவினையின் முன் நிறுத்திப் பார்க்கலாம். கூலிக்குப் படம் எடிட் செய்கிறவருக்குக் கெடு இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார், மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. ரயிலில் உட்கார்ந்திருந்தாலும், விருந்துக்குப் போன வீட்டில் இருந்தாலும், முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர் மனத்தைப் பிடித்து இழுத்து வேலையில் வைத்துவிடும். அவருடைய வேலை வேள்வியின் அங்கம் போன்றது; முறை வெளியிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் விருப்பத்துக்காக ஒரு மெட்டை அமைக்க உட்காருகிறவருக்கு இவை எதுவும் இல்லை. அவர் அமைக்காமல் விட்டால் கேட்பாரில்லை. பலனை எதிர்பாராத செயல் என்று பேச்சில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பலன் இல்லாத செயலைத் தொடர்வதற்கு எவ்வளவு ஆதாரம் தேவை என்பதை மறந்துவிடுகிறோம். கட்டாயம் செய்யும் வேலையை இங்கே இடம்தான் செய்தாக வேண்டும்.

உபாசனையையும் பொழுதுபோக்கையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைப்படத்தின் நிழலைச் சற்று ஏற்றி இறக்குவது வழிபாடு என்று நான் சொல்லவில்லை. ஒரே எண்ணத்தை இடையறாது ஓடவிடுவதே தியானம் என்று அந்த உரை விளக்குகிறது. எண்ணம் எதைப் பற்றியது என்பதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. எண்ணம் அறுபடாமல் ஓட வேண்டும் என்பதில் தூரம் இல்லை. வரியை மூன்று முறை மாற்றி எழுதுகிறவருக்கும், ஒரு கோட்டின் வளைவுக்காக அரைமணி நேரம் செலவிடுகிறவருக்கும் அறுபட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். நான் கடன் வாங்குவது அந்த அமைப்பை மட்டும்தான்.

நடக்கிறவர் மனம் சிதறும், நிற்கிறவர் மனம் உடலைத் தாங்குவதிலேயே முனைந்திருக்கும், படுத்தவரைத் தூக்கம் எதிர்பாராமல் ஆட்கொள்ளும், உட்கார்ந்தவருக்கே இந்தக் குறைகளைத் தவிர்ப்பது எளிது என்கிறார் சங்கரர். இந்த விளக்கத்தில் நான் மதிப்பது, இதில் புனிதம் எதுவும் பேசப்படவில்லை என்பதே. உடல் எடுத்துக்கொள்ளும் கவனம் மனத்துக்குக் கிடைக்காது என்ற கணக்குதான் பேசப்படுகிறது. லேப்டாப்பின் உடலமைப்பை இதே கணக்கால் அளக்கலாம். அதில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிய வேண்டும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள்கள் தூக்கி நிற்கும். இரண்டில் ஒன்று எப்போதும் வலிக்கும். ஸ்டாண்டு வாங்கி, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்தால் தீரும் என்பது உண்மை. ஆனால் அப்படி இணைத்த பிறகு அது மேசையை விட்டு எழுந்திருக்காது.

கலைகளின் கோரிக்கைகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. நிறத்தைப் பாருங்கள். ஒரே படம் ஜன்னலோர வெயிலில் இருண்டும், இரவு மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் பாய்ந்தும் தெரிகிறது. அச்சுத் துறையும் புகைப்படத் துறையும் படத்தை எத்தகைய ஒளியில் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 3664 என்று ஒரு தரநிலையே வைத்திருக்கின்றன. காலையில் சமையலறை மேசையிலும் மாலையில் மொட்டை மாடியிலும் திருத்தப்பட்ட படம் இரண்டு வெவ்வேறு கண்களால் திருத்தப்பட்டது போன்றது. திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் ஒளியை அது தன்னோடு எடுத்துச் செல்லாது. ஒலி இன்னும் கண்டிப்பானது. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்கிறவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பது மிக்ஸிங் செய்கிறவர்களின் பாலபாடம். சுவரிலிருந்து ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தே கீழ்ச்சுருதிகள் வீங்கிக் கேட்கும் அல்லது வற்றிக் கேட்கும். அறையைச் செவி பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு அறை மாறாமல் இருக்க வேண்டும்.

வெப்பத்தின் கதையும் உண்டு. மெல்லிய லேப்டாப் பிராசசர்கள் 15 வாட் அளவிலும், சற்றுப் பருத்தவை 45 வாட் அளவிலும் இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. டெஸ்க்டாப்பில் 65 வாட், 125 வாட் என்பது சாதாரணம். விரற்கடை தடிமனுள்ள பெட்டியில் சூடு ஏறினால் இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபேன் இரையும். வீட்டில் பாடிப் பதிவு செய்கிறவருக்கு அந்த இரைச்சல் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. டெஸ்க்டாப் பெட்டியை மேசைக்கு அடியிலோ, கேபிள் நீளம் இருந்தால் அடுத்த அறையிலோ வைத்துவிடலாம். எழுத்துக்கு மட்டும் இந்த நியாயங்கள் ஏறக்குறைய பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதுவதற்கு ஒளியின் தரநிலையும் வேண்டாம், 125 வாட்டும் வேண்டாம்.

அப்படியானால் எழுதுகிறவருக்கு இடம் தேவையே இல்லையா? இங்கே ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் வாழ்க்கை பேச வருகிறது. அவரிடம் ஒரு கையடக்க எழுதுபெட்டி இருந்தது. சாய்வான மேற்பரப்பும், தாளும் மையும் வைக்க அறைகளும் கொண்ட மரப்பெட்டி. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து லேப்டாப் என்றே சொல்லலாம். 1798இல் ஒரு பயணத்தின்போது அது தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு, கிரேவ்ஸெண்ட் துறைமுகப் பாதையில் போய்விட, ஆள் அனுப்பி மீட்டார்கள். 1790களில் ஸ்டீவன்டன் ஊரில், பிறந்த வீட்டில் இருந்தபோது மூன்று நாவல்களின் முதல் வடிவங்களை அவர் எழுதியிருந்தார். 1801இல் குடும்பம் பாத் நகருக்குப் பெயர்ந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் வாடகை வீடுகள், உறவினர் வீடுகள், சவுத்தாம்டன் என்று அலைச்சல். எழுதுபெட்டி கூடவே போனது. பழைய பிரதி ஒன்றைச் சீர்செய்து 1803இல் விற்றார், புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டார்; புதிய நாவல் எதையும் முடிக்கவில்லை. 1809 ஜூலையில் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு நிலைத்தது. 1811இல் ஒன்று, 1813இல் ஒன்று, 1814இல் ஒன்று, 1815 இறுதியில் ஒன்று என நான்கு நாவல்கள் வெளிவந்தன. ஜன்னலோரத்தில் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் மேசை ஒரு தட்டும் டம்ளரும் வைத்தால் நிறைந்துவிடும் அளவுதான்.

இதை மட்டும் வைத்து இடம்தான் காரணம் என்று சாதிப்பது நேர்மையாகாது. 1805இல் தந்தை இறந்தார், வருமானம் சுருங்கியது, துயரமும் கவலையும் தனியே தம் வேலையைச் செய்திருக்கும். ஆனாலும் எடுத்துச் செல்லக்கூடிய கருவி கையிலேயே இருந்தும் எட்டு ஆண்டுகள் ஏன் வறண்டன என்ற கேள்வி நிற்கிறது. கருவியை எடுத்துச் செல்ல முடிந்தது. எழுதும் பழக்கத்தை எடுத்துச் செல்ல முடியவில்லை. உளவியலிலிருந்தும் இதற்கு ஆதரவு தேடுவது வழக்கம்: நீருக்கடியில் மனனம் செய்த சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வருகின்றன என்று 1975இல் காடன், பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். 2021இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அதன்மேல் நான் எதையும் கட்டவில்லை.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். அது அதே சூத்திரக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உட்கார வேண்டும் என்று நான்கு சூத்திரங்களில் நிறுவிய பிறகு, 11ஆம் சூத்திரம் திசை, இடம், காலம் பற்றிய கட்டுப்பாட்டைக் கைவிடுகிறது. எங்கே மனம் ஒருமைப்படுகிறதோ அங்கே செய்யலாம், தனி விதி கிடையாது என்பது அதன் கருத்து. சங்கரரின் உரையில் உடனே ஒரு தடை எழுப்பப்படுகிறது: சுவேதாசுவதர உபநிடதம் சமமான, தூய்மையான, கூழாங்கல்லும் நெருப்பும் மணலும் இல்லாத இடத்தைத் தேடச் சொல்கிறதே? ஆம், சொல்கிறது, ஆனால் அந்த விவரங்களில் கட்டாயம் இல்லை என்பதைச் சூத்திர ஆசிரியர் ஒரு நண்பராக நின்று எடுத்துச் சொல்கிறார் என்று விடை வருகிறது. மனத்துக்கு இசைந்த இடம் என்று அந்த உபநிடதமே சொல்வதைச் சங்கரர் சான்றாகக் காட்டுகிறார். அப்படியென்றால் டெஸ்க்டாப் மேசைக்காக நான் திரட்டிய நியாயமெல்லாம் சரிந்துவிடவில்லையா? மாடியிலும் ரயிலிலும் மனம் குவிகிறவருக்கு லேப்டாப்பே சரி என்றுதானே ஆகிறது?

குவிகிறவருக்கு, ஆம். அந்த ஒற்றை நிபந்தனையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கும் செய்யலாம் என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை. ஒருமை எங்கே கிடைக்கிறதோ அங்கே என்று சொல்கிறது. இடத்துக்கு விதித்த கட்டுப்பாட்டைத் தளர்த்திய கையோடு மனத்துக்கு அதைவிடக் கடுமையான அளவுகோலை வைக்கிறது. லேப்டாப் எளிதில் தோற்பது இந்த அளவுகோலில்தான். தோற்பதற்குக் காரணம் அதன் திரையோ வேகமோ இல்லை. மூடியைத் திறந்ததும் வரும் அதே திரையில் அலுவலக மின்னஞ்சல் இருக்கிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, நேற்றிரவு பாதியில் நிறுத்திய சினிமா இருக்கிறது. நூறு வேலைக்கும் உரிய கருவி எந்த வேலைக்கும் நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை. மேசைமேல் அசையாமல் இருக்கும் கணினியிடம் நாம் எழுந்து போக வேண்டும். போகும் அந்தப் பத்தடி தூரத்தில் இப்போது இதைத்தான் செய்யப் போகிறேன் என்ற தீர்மானம் உருவாகிறது. லேப்டாப் நம்மிடம் வருகிறது, கேட்காமலே எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் 12ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தின் கல்யாண நகரிலிருந்து எழுந்தது. சிவபக்தரான பசவண்ணரும் அவரைச் சேர்ந்த சரணர்கள் என்ற அடியார்களும் நிலைபெற்றதான ஸ்தாவரத்தைவிட இயங்குவதான ஜங்கமத்தை உயர்த்திப் பிடித்தார்கள். செல்வர்கள் கோயில் கட்டலாம், இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி அதன் அடியில் இருந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாதவருக்கும் கழுத்தில் அணிந்துகொள்ள ஓர் இஷ்டலிங்கம் கிடைத்தது. இந்த எதிர்வாதத்தை அப்படியே கணினிக்கு மாற்றினால் அது குத்தும். தனி மேசை, தனி அறை, அதில் நிலையான விளக்கு என்று நான் பேசுவதெல்லாம் இடமுள்ளவரின் பேச்சு. ஒரே அறையில் ஐந்து பேர் புழங்கும் வீட்டில், இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஓவியம் வரைய உட்காரும் பெண்ணிடம் டெஸ்க்டாப் வாங்கச் சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை? வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் எழுதிய கட்டுரை நூலில், பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அந்த இரண்டும் இல்லாதவர்களே இன்றும் மிகுதி.

இந்த எதிர்வாதத்தின் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு விடை இஷ்டலிங்க வழிபாட்டிலேயே இருக்கிறது. கழுத்தில் தொங்குவதால் அதை நடந்துகொண்டே வழிபடுவதில்லை. அமர்ந்து, இடது உள்ளங்கையில் வைத்து, இமையாமல் நோக்குகிறார்கள். எடுத்துச் செல்லக்கூடியதுதான், ஆனாலும் அது வேறெதற்கும் பயன்படுத்தப்படுவதில்லை. அது ஒன்றுக்கே உரியது. எனவே கோடு நிற்பதற்கும் நகர்வதற்கும் நடுவில் விழவில்லை, ஒன்றுக்கு உரியதற்கும் எல்லாவற்றுக்கும் உரியதற்கும் நடுவில் விழுகிறது. டெஸ்க்டாப்பை நான் பரிந்துரைப்பது அது அசையாதது என்பதற்காக இல்லை. அசையாமை ஒரு கருவியை ஒன்றுக்கு உரியதாக்குவதற்கு உதவுகிறது என்பதற்காக. அறையில்லாதவர் அதே உரிமையை வேறு வழியில் பெறலாம்: பழைய லேப்டாப் ஒன்றை மலிவாக வாங்கி, அலுவலகக் கணக்கு எதையும் அதில் ஏற்றாமல், வரையக் கிரிட்டாவோ ஒலிப்பதிவுக்கு ஆர்டரோ போன்ற கட்டற்ற மென்பொருள் ஒன்றை மட்டும் நிறுவி, இணையத்தைத் துண்டித்து, படைப்புக்கென்று மட்டும் திறக்கலாம். பலருக்கு அலுவலகமே தந்த லேப்டாப் இருக்கும். அதிலேயே வரைந்துகொள்ளலாம் என்ற சிக்கனம் எனக்குத் தவறாகப் படுகிறது. அந்தத் திரை முன் உட்காரும்போது உடலே வேலைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் நாவல்களை இணைய இணைப்பே இல்லாத ஒரு டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 மென்பொருளில் எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியில் சொன்னார். மின்னஞ்சலுக்கு வேறு கணினி. அந்த ஏற்பாடு நாவலை விரைவாக முடித்துத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமை வேகத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. பொழுதுபோக்காகப் படைக்கிறவர் வேகத்தைத் தேடி உட்காரவும் இல்லை.

கையில் எடுத்துச் செல்லும் கணினி என்ற கனவே படைப்புக்காகப் பிறந்ததுதானே என்று வரலாற்றிலிருந்து ஒரு குரல் எழலாம். கணினி அறிஞர் ஆலன் கே 1972இல் எழுதிய டைனாபுக் கருத்து அப்படிப்பட்டதுதான்: குழந்தைகள் குறிப்பேட்டைப் போல எடுத்துச் சென்று, வரையவும் இசைக்கவும் எழுதவும் ஒரு கணினி. அழகான கனவு, அதில் எனக்குக் குறை இல்லை. அப்போது அவர் பணிபுரிந்த ஜெராக்ஸ் ஆய்வகம் 1973இல் கட்டிய ஆல்டோ கணினியை கேயின் குழுவினர் இடைக்கால டைனாபுக் என்று அழைத்தார்கள். அதன் பெட்டி மேசைக்கடியில் வைக்கும் அளவுக்குப் பெரியது. குழந்தைகள் அதனிடம் வந்து உட்கார்ந்து வரைந்தார்கள். இன்றைய லேப்டாப் டைனாபுக்கின் எடையை எட்டிப்பிடித்துவிட்டது. ஆனால் அந்தக் கனவின் குழந்தைக்கு மின்னஞ்சல் நச்சரிப்பு இருக்கவில்லை.

நடைமுறையில் மீதமிருப்பவை சில. மின்வெட்டுள்ள ஊரில் டெஸ்க்டாப்போடு யூபிஎஸ் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளியே போய் வரையும், ஒலி சேகரிக்கும் கலைகளுக்கு நகரும் கருவி இல்லாமல் முடியாது. சேகரித்தவற்றை வைத்துப் படைப்பதற்குத்தான் மேசை. கூடத்தில் வைத்து வீட்டார் அனைவரும் கேம் ஆடும் டெஸ்க்டாப், லேப்டாப்பைவிட எந்த வகையிலும் மேலானதில்லை. அசையாதது என்பதால் மட்டும் அது ஆசனமாகிவிடாது.

இந்தக் கடைசிச் செய்தி வாங்குகிறவரைத் தாண்டி வீட்டாரிடம் போகிறது. சாட்டன் வீட்டில் ஆஸ்டினுக்குக் கிடைத்த மேசை தானாகக் கிடைத்ததில்லை. வீட்டைக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் எட்வர்ட். சமையல் மேற்பார்வை, கணக்கு வழக்கு என்று வீட்டு நிர்வாகத்தின் பெரும் பகுதியைச் சகோதரி கசாண்ட்ராவும் தோழி மார்த்தா லாயிடும் ஏற்றுக்கொண்டார்கள். ஜேனின் பொறுப்பு காலைச் சிற்றுண்டி அளவில் நின்றது. ஒரு வீட்டில் ஒரே ஒரு மூலைதான் மிச்சமிருக்கிறது என்றால், அது யாருடைய மேசைக்கு, அவர் உட்காரும் அந்த இரண்டு மணி நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் கணினியின் விலையோடு சேர்த்தே வீட்டார் பேசி முடிவுசெய்ய வேண்டும். அதைப் பேசாமல் வாங்கப்படும் கணினி, எந்த வடிவத்தில் இருந்தாலும், வீட்டில் ஏற்கெனவே நேரம் உள்ளவருக்கே போய்ச் சேரும்.